90 நிமிடம் 12 நிமிடத்துக்குள் அடங்குமா?

1958 அக்டோபர். நியூயார்க் மாநிலம் லாங் ஐலண்டில் உள்ள ப்ரூக்ஹேவன் தேசிய ஆய்வகம் பொதுமக்களுக்குத் தன் கதவைத் திறந்துவிட்டிருந்தது. பார்வையாளர்கள் சுவரில் மாட்டிய படங்களைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது, எதையாவது கையால் இயக்கிப் பார்க்க வேண்டும் என்று நினைத்தார் அங்கே பணியாற்றிய இயற்பியலாளர் வில்லியம் ஹிகின்போதம். எறிபொருள் பாயும் பாதையைக் கணக்கிட்டுக் காட்டக்கூடிய அனலாக் கணினி ஒன்றை 5 அங்குல ஆசிலோஸ்கோப் திரையுடன் இணைத்து, பக்கவாட்டில் தெரியும் டென்னிஸ் ஆட்டத்தை அவர் உருவாக்கினார். திருகைத் திருப்பினால் பந்து போகும் கோணம் மாறும். பொத்தானை அழுத்தினால் பந்து பறக்கும். மக்கள் வரிசையில் நின்று ஆடினார்கள். மறு ஆண்டு அந்த ஆட்டம் பெரிய திரையில் வந்தபோது ஒரு புதிய வசதியும் சேர்ந்திருந்தது. பூமியின் ஈர்ப்பை விட்டுவிட்டு, நிலவின் ஈர்ப்பிலும் வியாழனின் ஈர்ப்பிலும் ஆடிப் பார்க்கலாம்.

நிலவின் ஈர்ப்பு முடுக்கம் பூமியினுடையதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. வியாழனுடையது இரண்டரை மடங்கு. ஒரே வேகத்தில் மேலே அடித்த பந்து, பூமியில் இருப்பதைவிட நிலவில் ஆறு மடங்கு நேரம் அந்தரத்தில் நிற்கும். வலை அதேதான், ஆடுகளம் அதேதான். ஒரே ஒரு எண் மாறியதும் ஆட்டத்தின் குணமே மாறிவிட்டது. ஒரு கணித மாதிரியின் நடத்தையைத் தீர்மானிக்கும் இப்படிப்பட்ட எண்ணை அறிவியலில் அளவுரு என்கிறோம். இன்றைய கால்பந்து, கூடைப்பந்து, கிரிக்கெட் வீடியோ கேம்களின் மெனுவில் வரிசையாக நிற்கும் ஸ்லைடர்கள் எல்லாமே இந்த வகை அளவுருக்கள்தான். அவற்றை நகர்த்துகிறவர் அறிவியல் மாதிரி ஒன்றைச் சீர்செய்யும் வேலையில் இறங்கியிருக்கிறார். அந்த வேலையின் நெளிவுசுளிவுகள் தெரிந்தால் விளையாட்டும் நன்றாக அமையும், அறிவியலும் கூடவே புரியும்.

மெனுவுக்குள் என்ன இருக்கிறது?

எளிது, நடுத்தரம், கடினம் என்று நிலைகளைத் தேர்வு செய்வது எல்லோருக்கும் பழக்கமானது. 1977-இல் வந்த அட்டாரி 2600 கருவியிலேயே அதற்கென்று தனி விசைகள் இருந்தன. இந்த நிலைகள் தயாரிப்பாளர்கள் முன்கூட்டியே கட்டிவைத்த பொட்டலங்கள். ஸ்லைடர் அந்தப் பொட்டலத்தைப் பிரித்து உள்ளே இருக்கும் சரக்கைத் தனித்தனியாக நம் கையில் தருகிறது.

ஃபிஃபா என்ற பெயரில் 1993-இல் தொடங்கி, 2023 முதல் ஈஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி என்ற பெயரில் வரும் கால்பந்துத் தொடரை எடுத்துக்கொள்வோம். ஓட்ட வேகம், முடுக்கம், பாஸ் பிழை, ஷாட் பிழை, பாஸின் வேகம், கோல்கீப்பரின் திறன், காயம் எத்தனை முறை வரும், எவ்வளவு கடுமையாக இருக்கும், தற்காப்பு வரிசை எவ்வளவு முன்னே ஏறி நிற்கும் என்று பட்டியல் நீள்கிறது. ஒவ்வொன்றும் 0 முதல் 100 வரை போகும். தொடக்கத்தில் பெரும்பாலும் நடுவே 50-இல் நிற்கும். நமக்கு ஒரு வரிசை, கணினி ஆடும் அணிக்கு இன்னொரு வரிசை. அமெரிக்கக் கால்பந்துக்கான மேடன் தொடரில், மிக வேகமான வீரருக்கும் மிக மெதுவான வீரருக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கவோ கூட்டவோ செய்யும் ஸ்லைடர்கூட உண்டு. என்பிஏ 2கே கூடைப்பந்தில், எந்தத் தூரத்திலிருந்து எறிந்த பந்து எவ்வளவு எளிதாகக் கூடைக்குள் விழும் என்பதைத் தனித்தனியாக மாற்றலாம்.

பிழையின் அகலம்

ஷாட் பிழை என்ற ஸ்லைடர் உள்ளே என்ன செய்கிறது? ஒவ்வொரு நிறுவனத்தின் நிரலும் வெவ்வேறு. ஆனால் அடிப்படைக் கருத்தை ஒரு சிறு கணக்கில் பிடித்துவிடலாம். கோல் கம்பங்களுக்கு இடையிலான அகலம் 7.32 மீட்டர். வலது கம்பத்துக்கு ஒரு மீட்டர் உள்ளே குறிவைத்து அடிக்கிறீர்கள். கணினி அந்தக் குறியைச் சுற்றிப் பந்தைச் சற்றே சிதறவிடுகிறது. சிதறல் மணி வடிவ வளைகோட்டைப் பின்பற்றுகிறது என்றும் அதன் அகலத்தைக் காட்டும் திட்ட விலக்கம் அரை மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். பந்து கம்பத்துக்கு வெளியே போகும் வாய்ப்பு 2.3 சதவீதம். திட்ட விலக்கத்தை ஒரு மீட்டராக்கினால் அந்த வாய்ப்பு 16 சதவீதம் ஆகிவிடும்.

பிழையின் அகலம் கூடியது இரண்டு மடங்கு. தவறும் ஷாட்டுகள் கூடியதோ ஏழு மடங்கு. ஸ்லைடரில் ஒரே அளவு நகர்த்தினாலும் விளைவு ஓரிடத்தில் கண்ணுக்கே தெரியாமல் போவதும், இன்னோரிடத்தில் ஆட்டத்தையே கவிழ்ப்பதும் இதனால்தான். நேர்கோட்டில் நடக்காத இந்த உறவை முதலில் மனத்தில் வாங்கிக்கொண்டால், 50-இலிருந்து 80-க்குத் தாவும் அவசரம் போய்விடும்.

நேரத்தைச் சுருக்கும் சிக்கல்

ஸ்லைடர்கள் ஏன் தேவைப்படுகின்றன என்பதற்கு மிக ஆழமான காரணம் கடிகாரத்தில் இருக்கிறது. வீட்டில் கால்பந்து கேம் ஆடுபவர்கள் பலரும் ஒரு பாதிக்கு 6 நிமிடம் என்று வைத்துக்கொள்கிறார்கள். 90 நிமிட ஆட்டம் 12 நிமிடத்தில் முடிய வேண்டும். திரையின் கடிகாரம் உண்மை நேரத்தைவிட 7.5 மடங்கு வேகமாக ஓடுகிறது. பந்தையும் வீரர்களையும் அந்த வேகத்தில் ஓடவிட முடியாது. ஓடவிட்டால் கண் பின்தொடராது, விரலும் ஈடுகொடுக்காது. ஆகவே ஒரே திரையில் இரண்டு காலங்கள் ஓடுகின்றன. பந்து நம் காலத்தில் உருள்கிறது. கடிகாரம் வேறொரு காலத்தில் பறக்கிறது. 10 வினாடி எடுக்கும் ஒரு தாக்குதல் கடிகாரத்தில் 75 வினாடியைத் தின்றுவிடுகிறது.

இங்கிலாந்தின் பிரீமியர் லீகில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக 13 ஷாட் அளவுக்கு அடிக்கிறது. அதை 7.5-ஆல் வகுத்தால் இரண்டுகூட வராது. மைதானத்தில் 90 நிமிடத்தில் பந்து உண்மையிலேயே ஆட்டத்தில் இருப்பது 55 முதல் 60 நிமிடம் வரைதான். எல்லைக்கு வெளியே போன பந்தை எடுத்து வருவது, ஃப்ரீகிக்குக்குச் சுவர் அமைப்பது போன்ற இடைவெளிகளை கேம் வெட்டிவிடுவதால் நெருக்கடி கொஞ்சம் தளர்கிறது. அப்படியும் சுருக்கம் ஏறத்தாழ ஐந்து மடங்கு. உண்மையான எண்ணிக்கையில் ஷாட்டுகளும் கோல்களும் வர வேண்டுமென்றால், கணினி வீரர்கள் நிஜ வீரர்களைவிடப் பல மடங்கு துணிந்து முன்னேற வேண்டும், தற்காப்பு எளிதில் உடைய வேண்டும். களைப்பும் வேகமாக ஏற வேண்டும். இல்லாவிட்டால் 80-ஆவது நிமிடத்திலும் எல்லோரும் முதல் நிமிடத்தின் தெம்புடன் ஓடுவார்கள், மாற்று ஆட்டக்காரர்களுக்கு வேலையே இருக்காது.

கூடைப்பந்தில் இதே சிக்கலை இன்னும் துல்லியமாகப் பார்க்கலாம். என்பிஏ ஆட்டம் 48 நிமிடம், அதாவது 2880 வினாடி. 2023-24 பருவத்தில் ஓர் அணிக்கு ஓர் ஆட்டத்தில் ஏறத்தாழ 99 முறை பந்து வசப்பட்டது; ஒரு முறைக்குச் சராசரியாக 1.15 புள்ளி, மொத்தம் 114. இரு அணிகளையும் சேர்த்தால் ஒரு முறைக்கு 14.5 வினாடி. இப்போது கேமில் கால் பகுதிக்கு 5 நிமிடம் என்று வையுங்கள். மொத்தம் 1200 வினாடி. அதே தாளத்தில், அதே திறமையில் ஆடினால் ஓர் அணிக்கு 41 முறைதான் பந்து வரும், புள்ளி 50-ஐக்கூட எட்டாது. தொலைக்காட்சியில் பார்த்ததுபோல 110-ஐத் தாண்டிய ஸ்கோர் வேண்டுமானால் ஆட்டத்தின் தாளத்தைக் குலைக்க வேண்டும். தாளம் வேண்டுமானால் ஸ்கோரை மறக்க வேண்டும். இரண்டும் வேண்டுமானால் 48 நிமிடம் உட்கார வேண்டும். எந்த ஸ்லைடராலும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. எதை விட்டுக்கொடுப்பது என்பதை நாம் தேர்வு செய்ய அது உதவுகிறது, அவ்வளவே.

ஒரே ஆட்டத்தை வைத்துத் தீர்ப்பு எழுதலாமா?

ஆட்டம் கோல் எதுவும் இல்லாமல் முடிந்தால், 'கோல்கீப்பர் ரொம்பப் பலமாக இருக்கிறார்' என்று உடனே அந்த ஸ்லைடரைக் குறைப்பது பலரின் வழக்கம். அடுத்த ஆட்டத்தில் ஆறு கோல் விழுந்தால் மறுபடி ஏற்றுவார்கள். இங்கேதான் புள்ளியியல் நமக்குக் கைகொடுக்கிறது.

கால்பந்தில் கோல் அரிதான நிகழ்வு. அரிதான நிகழ்வுகள் ஒரு கால இடைவெளியில் எத்தனை முறை நடக்கும் என்பதை விளக்கும் பரவல் ஒன்று, பிரெஞ்சுக் கணித அறிஞர் பாய்சானின் பெயரில் வழங்குகிறது. 1982-இல் மேஹர் என்ற புள்ளியியலாளர் ஆங்கிலக் கால்பந்து ஸ்கோர்களுக்கு அந்தப் பரவல் ஓரளவு நன்றாகவே பொருந்துவதைக் காட்டினார். ஓர் அணி சராசரியாக 1.4 கோல் அடிக்கும் என்று கொள்வோம். அந்த அணி ஓர் ஆட்டத்தில் ஒரு கோல்கூட அடிக்காமல் போகும் வாய்ப்பு 25 சதவீதம். இரண்டு அணிகளும் அப்படிப்பட்டவை என்றால், 16 ஆட்டங்களில் ஒன்று 0-0 என்று முடியும். ஏழு ஆட்டங்களில் ஒன்றிலாவது ஐந்து கோலோ அதற்கு மேலோ விழும். எந்த ஸ்லைடரையும் தொடாமலேயே இத்தனை ஏற்ற இறக்கம்.

எத்தனை ஆட்டம் பார்த்தால் நம்பலாம்? ஆட்டத்துக்கு 2.8 கோல் என்பது உண்மைச் சராசரி என்றால், 10 ஆட்டங்களின் சராசரி 1.8-க்கும் 3.8-க்கும் இடையே எங்கே நின்றாலும் வியப்பதற்கு ஒன்றுமில்லை. 100 ஆட்டங்கள் என்றால் அந்த இடைவெளி 2.5-க்கும் 3.1-க்கும் இடையே சுருங்கும். ஆட்டங்களைப் பத்து மடங்காக்கினாலும் துல்லியம் மூன்று மடங்கு அளவுக்குத்தான் கூடுகிறது. எண்ணிக்கையின் வர்க்கமூலமே துல்லியத்தைத் தீர்மானிக்கிறது. மருந்துச் சோதனைகளுக்கு ஆயிரக்கணக்கானோர் தேவைப்படுவதும், பத்துப் பேரிடம் கேட்டுவிட்டுத் தேர்தல் முடிவைச் சொல்ல முடியாததும் இதே விதியால்தான். கோலைவிட அடிக்கடி நடப்பவற்றை எண்ணுவது ஒரு நல்ல உபாயம். பாஸ்கள் நூற்றுக்கணக்கில் நடக்கின்றன. பாஸ் பிழை ஸ்லைடரின் விளைவை நாலைந்து ஆட்டங்களிலேயே ஓரளவு அளந்துவிடலாம்.

ஒன்றைத் தொட்டால் மற்றதும் நகரும்

பாஸ் பிழையைக் கூட்டினால் பாஸ்கள் மட்டுமா கெடும்? தவறிய பாஸ் எதிரணியின் காலில் விழும். அந்த நேரத்தில் நம் தற்காப்பு முன்னேறி நின்றிருக்கும். எதிர்த்தாக்குதல் பிறக்கும், ஷாட்டுகள் கூடும், கோலும் கூடலாம். ஆக, பாஸ் ஸ்லைடர் சத்தமில்லாமல் கோல் எண்ணிக்கையையும் மாற்றிவிடுகிறது. தற்காப்பு வரிசை எவ்வளவு ஏறி நிற்கிறது என்பதைப் பொறுத்து இந்த விளைவு பெரிதாகவும் ஆகலாம், காணாமலும் போகலாம். ஓர் அளவுருவின் விளைவு இன்னொன்றைச் சார்ந்திருப்பதைத்தான் இடைவினை என்கிறோம்.

ஒரு நேரத்தில் ஒரு ஸ்லைடரை மட்டும் மாற்று என்பது அனுபவசாலிகள் சொல்லும் அறிவுரை. தொடக்கத்துக்கு அது நல்லதே. எந்த மாற்றம் எந்த விளைவைத் தந்தது என்ற குழப்பம் வராது. ஆனால் இடைவினைகள் அந்த வழியில் கண்ணில் படாது. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ரொனால்டு ஃபிஷர் 1926-இலேயே இந்தக் குறையைச் சுட்டிக்காட்டினார். பல காரணிகளைத் திட்டமிட்ட சேர்க்கைகளில் ஒரே சோதனையில் மாற்றிப் பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். அதன்படி பாஸ் பிழைக்கு இரண்டு நிலை, தற்காப்பு வரிசைக்கு இரண்டு நிலை எடுத்துக்கொண்டால் நான்கு சேர்க்கைகள். நான்கிலும் சம எண்ணிக்கையில் ஆடினால் தனி விளைவும் தெரியும், கூட்டு விளைவும் தெரியும். எல்லாச் சேர்க்கைகளையும் முயல்வது மட்டும் நடக்காத காரியம். 20 ஸ்லைடர்கள், ஒவ்வொன்றிலும் 101 நிலைகள் என்றால், சேர்க்கைகளின் எண்ணிக்கை 1-க்குப் பின் 40 பூஜ்யங்கள் போட்ட எண்ணையும் தாண்டும்.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. ஒரே ஸ்கோரை வெவ்வேறு வழிகளில் வரவழைக்கலாம். கோல்கீப்பரைத் தூங்கவிட்டு, ஷாட்டுகளைக் குறைத்தாலும் ஆட்டத்துக்கு 2.8 கோல் வரும். கோல்கீப்பரை விழிப்பாக வைத்து, வாய்ப்புகளைக் கூட்டினாலும் அதே 2.8 வரும். ஸ்கோர் பலகையைப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. ஆனால் ஆடுபவருக்கு அவை இரண்டு வேறு உலகங்கள். ஆகவே ஒரே ஓர் இலக்கு போதாது. நிஜக் கால்பந்தில் ஒன்பது பத்து ஷாட்டுக்கு ஒன்று கோலாகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், பாஸ்களில் எவ்வளவு போய்ச் சேருகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். காலநிலை விஞ்ஞானிகள் இதே இக்கட்டில்தான் நாள்தோறும் உழைக்கிறார்கள். மேகங்கள் அவர்களது கணினிக் கட்டங்களைவிடச் சிறியவை. அவற்றின் நடத்தையைச் சில அளவுருக்களால்தான் குறிக்க முடியும். அந்த எண்களைச் சீர்செய்து பூமியின் சராசரி வெப்பத்தைச் சரியாக வரவழைப்பதோடு வேலை முடிவதில்லை. மழையும் காற்றும் பனியும் தம் இடத்தில் தாமாக வந்து பொருந்தினால்தான் அந்த மாதிரி மீது நம்பிக்கை பிறக்கிறது.

அரை வினாடிக்குள்

இதுவரை பேசியது விளையாட்டை நிஜத்துக்கு நெருக்குவது பற்றி. ஸ்லைடருக்கு இன்னொரு கடமையும் உண்டு. அது ஆடும் மனிதருக்கு ஏற்றபடி விளையாட்டை வளைப்பது. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்தை நினைத்துப் பாருங்கள். இரு கிரீஸ்களுக்கும் இடையே 17.68 மீட்டர். பந்து காற்றிலும் தரையிலும் கொஞ்சம் வேகம் இழப்பதால் ஏறத்தாழ அரை வினாடியில் மட்டைக்கு வந்துவிடும். நொடிக்கு 60 படங்கள் காட்டும் திரையில் அது வெறும் 30 படங்கள். கண்ணால் பார்த்ததற்கு விரல் அசைய மனிதருக்கு 0.2 முதல் 0.25 வினாடி பிடிக்கும். தொலைக்காட்சித் திரையின் தாமதம் அதிலும் கொஞ்சம் திருடிக்கொள்ளும்.

களத்தில் நிற்கும் மட்டையாளர் பந்துவீச்சாளரின் மணிக்கட்டையும் தோளையும் பார்த்தே பாதி முடிவை எடுத்துவிடுகிறார். திரையில் அந்த நுண்குறிப்புகள் கிடைப்பதில்லை. அதை ஈடுகட்டத்தான் பல கிரிக்கெட் கேம்கள் பந்து விழப்போகும் இடத்தை ஒரு குறியால் காட்டுகின்றன. பந்தின் வேகத்தைக் குறைப்பதும், சரியான நேரம் என்று ஏற்கப்படும் இடைவெளியை அகலமாக்குவதும் இதே நியாயத்தில் வருபவை. இவற்றை ஏமாற்று வேலை என்று சிலர் இகழ்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை. எட்டு வயதுப் பேத்தியும் எழுபது வயதுத் தாத்தாவும் ஒரே சோபாவில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் ஜெயிக்க முடிகிறது என்றால், அதைச் சாத்தியமாக்கியது அந்தச் சிறிய இடைவெளிதான். கை நடுக்கமோ தசைக் குறைபாடோ உள்ளவர்களுக்கு அது விளையாட்டுக்குள் நுழையும் வாசல். 2018-இல் மைக்ரோசாஃப்ட், மாற்றுத்திறனாளிகளுக்காகப் பெரிய பொத்தான்களும் பலவகை விசைகளை இணைக்கும் வசதியும் கொண்ட கட்டுப்பாட்டுக் கருவியை வெளியிட்டது. கருவியின் வடிவம் திறக்கும் அந்த வாசலை உள்ளே அளவுருக்கள் இன்னும் அகலமாக்குகின்றன.

சில கேம்கள் இந்தப் பொறுப்பைத் தாமே எடுத்துக்கொள்கின்றன. எம்எல்பி தி ஷோ என்ற பேஸ்பால் தொடரில், நாம் நன்றாக ஆடினால் கடினம் தானாக ஏறும், தடுமாறினால் இறங்கும். அறையின் வெப்பத்தை அளந்து ஏசி தன்னைத் திருத்திக்கொள்வதைப் போன்ற பின்னூட்டக் கட்டுப்பாடு இது. இணையத்தில் இருவர் மோதும் போட்டிகளில் மட்டும் இந்தச் சுதந்திரம் இருப்பதில்லை. இருவருக்கும் ஒரே உலகம், ஒரே விதி என்பது அங்கே நியாயத்தின் அடிப்படை.

மைதானத்திலும் ஸ்லைடர் உண்டு

நிஜ விளையாட்டு ஏதோ இயற்கையாக முளைத்தது, அதன் எண்கள் மாறாதவை என்று எண்ணிவிடக் கூடாது. 1950 நவம்பரில் நடந்த ஓர் என்பிஏ கூடைப்பந்து ஆட்டத்தில் ஃபோர்ட் வேய்ன் பிஸ்டன்ஸ், மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணியை 19-18 என்று வென்றது. முன்னிலையில் இருப்பவர்கள் பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்துவது அன்றைய தந்திரம். ரசிகர்கள் சலித்துப்போனார்கள். டேனி பியசோன் என்ற அணி உரிமையாளர், விறுவிறுப்பான ஆட்டங்களில் ஓர் அணி 60 முறை அளவுக்குக் கூடையை நோக்கி எறிவதைக் கவனித்தார். இரு அணிகளுக்கும் 120 எறிதல். 2880 வினாடியை 120-ஆல் வகுத்தால் 24. பந்து கிடைத்த 24 வினாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும் என்ற கெடு 1954-55 பருவத்தில் அமலுக்கு வந்தது. ஓர் அணியின் சராசரிப் புள்ளி ஒரே ஆண்டில் 79.5-இலிருந்து 93.1-க்கு ஏறியது. ஓர் எண்ணைக் கணக்கிட்டு, நகர்த்தி, விளைவை அளந்த அருமையான சோதனை அது.

இதற்கு நேர்மாறான பாடமும் வரலாற்றில் இருக்கிறது. 1968-இல் அமெரிக்க பேஸ்பாலில் பந்து வீசுபவர்களின் ஆதிக்கம் அளவு கடந்தது. 1969-இல் அவர்கள் நின்று வீசும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகத் தாழ்த்தினார்கள். பந்து செல்லத்தக்க எல்லையையும் சுருக்கினார்கள். அதே ஆண்டு நான்கு புதிய அணிகளும் லீகில் சேர்ந்தன. ஓர் அணி ஓர் ஆட்டத்தில் எடுக்கும் ரன் 3.42-இலிருந்து 4.07 ஆனது. மேடு எவ்வளவு காரணம், எல்லை எவ்வளவு காரணம், அனுபவமில்லாத புதிய வீச்சாளர்கள் எவ்வளவு காரணம் என்று அந்த ஒற்றை எண்ணிலிருந்து பிரித்துச் சொல்ல வழியில்லை. மூன்று ஸ்லைடர்களை ஒரே நேரத்தில் நகர்த்தினால் வரும் குழப்பம் நிர்வாகிகளையும் விட்டுவைக்கவில்லை.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

கேம் ஆடும் பிள்ளைகளிடம் பெற்றோரும் ஆசிரியர்களும் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்துப் பார்க்கலாம். முதலில், எந்த நிஜ எண்ணை எட்ட வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள்: ஷாட்டுக்கு எத்தனை கோல், நூறு பாஸில் எத்தனை போய்ச் சேர வேண்டும் என்பதுபோல. பிறகு ஸ்லைடர் எதையும் தொடாமல் பத்து ஆட்டம். கணினியையே இரு பக்கமும் ஆடவிட முடிகிற கேம் என்றால் அப்படிச் செய்யலாம். ஆடுபவரின் திறமை நாளுக்கு நாள் கூடுவதால் வரும் குழப்பம் நீங்கிவிடும். அதன் பிறகு ஒரு மாற்றம், மறுபடி பத்து ஆட்டம். முடிவு உண்மையிலேயே மாறியதா, அது தற்செயலான ஏற்ற இறக்கமா என்று அவர்களே வாதாடட்டும். திட்ட விலக்கமும் நிகழ்தகவும் தேர்வுக்கான பாடமாக இருந்த நிலை அங்கே மாறும். தங்கள் அணியின் கோல்கீப்பரைக் காப்பாற்ற அவர்களுக்கு அவை தேவைப்படும்.

மழை முன்னறிவிப்பு, தொற்றுநோய்க் கணிப்பு, பொருளாதார வளர்ச்சி மதிப்பீடு என்று மாதிரிகள் சொல்லும் எண்களுக்கு நடுவில்தான் இந்தத் தலைமுறை வளர்கிறது. அந்த எண்களை அப்படியே விழுங்குவதும் தவறு, எல்லாம் கட்டுக்கதை என்று ஒதுக்குவதும் தவறு. எதை மாற்றினீர்கள், எதை மாறாமல் வைத்தீர்கள், எத்தனை முறை சோதித்தீர்கள் என்ற மூன்று கேள்விகளைக் கேட்கத் தெரிந்த குடிமக்கள் நமக்கு வேண்டும். ஸ்லைடரை யோசித்து நகர்த்தப் பழகிய பிள்ளைக்கு அந்த மூன்றும் விளையாட்டிலேயே கைவந்திருக்கும்.